புற்றுநோயாளிக்கு வயிற்றில் உணவூட்டும் குழாய்: அபூர்வமாக வரும் சிக்கல்கள் என்னென்ன?

கேள்வி இது: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோவும் தொடங்கும் முன்பே வயிற்றில் உணவூட்டும் குழாய் வைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அந்தக் குழாய் வழியாகப் புற்று வயிற்றுக்கும் பரவும் என்று யாரோ சொன்னதில் வீட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள். அது உண்மையா? வேறு என்னென்ன அபூர்வமான ஆபத்துகள் உண்டு?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம், அப்படிப் பரவியதுண்டு. ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காகக் குழாய் வைத்துக்கொள்பவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அது நடக்கிறது. குழாயை எந்த முறையில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த ஆபத்தை இன்னும் குறைக்கலாம். மறுபக்கம், கதிர்வீச்சு தொடங்கிச் சில வாரங்களில் வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல், எடை மளமளவென்று இறங்கிச் சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டி வருவது அபூர்வமே அல்ல. ஆகவே இந்த ஒரு பயத்துக்காகக் குழாயே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். எந்த வகைக் குழாய், எப்போது வைப்பது, வைத்த பிறகு எதைக் கவனிப்பது என்று கேளுங்கள். அபூர்வமான சிக்கல்களில் பெரும்பாலானவை சீக்கிரம் தெரிந்தால் சரிசெய்யக்கூடியவை. அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் உடனே தோன்றாமல் நாள் கடந்துவிடுகிறது. தினமும் அந்தக் குழாயைத் தொடுபவர் நீங்கள்தான் என்பதால் மாற்றம் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

புற்று எப்படிப் பரவுகிறது என்று புரிய, குழாய் வைக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றைத் திறக்காமல், முனையில் கேமரா உள்ள எண்டோஸ்கோப் என்ற வளையும் கருவியின் உதவியோடு குழாய் வைக்கும் முறையை 1980இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டைச் சேர்ந்த கௌடரர், பான்ஸ்கி என்ற மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பெக் என்று சொல்வது அதைத்தான். எண்டோஸ்கோப்பை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, காற்றை ஊதி இரைப்பையை விரியவைப்பார்கள். பிறகு வயிற்றின் தோல் வழியே ஓர் ஊசியை நேராக இரைப்பைக்குள் செலுத்தி, அதன் வழியே ஒரு நூலை உள்ளே விட்டு, அந்த நூலை வாய் வழியாக வெளியே எடுப்பார்கள். நூலின் வாய்ப்பக்க முனையில் குழாயைக் கட்டி, வயிற்றுப் பக்கத்திலிருந்து இழுப்பார்கள். குழாய் வாய்க்குள் போய், தொண்டையையும் உணவுக்குழாயையும் கடந்து, இரைப்பைக்குள் இறங்கி, வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளியே வரும். குழாயின் உள்முனையில் இருக்கும் தட்டு இரைப்பைச் சுவரில் வந்து நின்றுகொள்ளும்.

இழுத்துக் கொண்டுவரும் அந்த வழியில்தான் பிரச்சினை. தொண்டையிலோ உணவுக்குழாயிலோ கட்டி இருந்தால், குழாயும் தட்டும் அதை உரசிக்கொண்டுதான் கீழே போகின்றன. உரசும்போது உதிரும் புற்றணுக்கள் வயிற்றுச் சுவரில் புதிதாகப் போட்ட துளையில் போய் ஒட்டிக்கொள்ளலாம். இப்படி நடந்த முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பு 1989இல் வெளியானது. 2007இல் அதுவரை பதிவான 44 பேரின் விவரங்களையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். பெரிய கட்டி, முற்றிய நிலை, செதிள் செல் வகைப் புற்று (வாய், தொண்டையின் உள்படலத்தில் தொடங்குவது), அதுவரை சிகிச்சை எதுவும் தொடங்காத கட்டி, மேலே சொன்ன இழுக்கும் முறை ஆகியவை அந்த ஆபத்தோடு சேர்ந்து வந்தன. அறுவை சிகிச்சை மூலம் நேரடியாகக் குழாய் வைத்துக்கொண்ட சிலருக்கும் துளையில் புற்று வந்ததுண்டு. அதனால் ரத்தம் வழியாகவும் அணுக்கள் வந்து புண்ணில் தங்கலாம் என்ற கருத்து இருக்கிறது. ஆனாலும் உரசலைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது என்பதால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எண்டோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே குழாயை வயிற்றுத் தோல் வழியாக நேராக உள்ளே செலுத்துவது. முதலில் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு இரண்டு மூன்று தையல்களால் நெருக்கிப் பிடித்துவிட்டு, பிறகு குழாயை உள்ளே தள்ளுவார்கள். எண்டோஸ்கோப் கட்டியைக் கடந்து போகும், ஆனால் குழாய் கட்டியைத் தொடவே தொடாது. இன்னொன்று, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ரேடியாலஜி மருத்துவர் வைப்பது. இதில் எண்டோஸ்கோப்பே தேவையில்லை. கட்டி பெரிதாகி எண்டோஸ்கோப் நுழைய இடமில்லாதவர்களுக்கும், வாயைத் திறக்க முடியாதவர்களுக்கும், மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுப்பாதை அடைபடும் என்ற பயம் இருப்பவர்களுக்கும் இது பெரும் வரம். இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. இந்தக் குழாய்கள் பெரும்பாலும் சற்று மெல்லியவை, உள்ளே தண்ணீர் நிரப்பிய சிறு பலூனால் பிடித்து நிற்பவை. ஆகவே அடைத்துக்கொள்வதும் நழுவி வெளியே வருவதும் கொஞ்சம் அதிகம். தொண்டையில் கட்டி அப்படியே இருக்கும்போது குழாய் வைக்கிறார்கள் என்றால், என் கருத்தில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டியை ஏற்கெனவே அகற்றியாகிவிட்டது என்றால் இழுக்கும் முறையிலும் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். "கட்டியைத் தொடாமல் வைக்கும் முறை இங்கே செய்வீர்களா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அவர்களுக்குப் பழக்கமான கேள்விதான் அது.

துளையில் புற்று வந்தால் எப்படி இருக்கும்? வழக்கமாகக் குழாய் வைத்துச் சில மாதங்கள் போன பிறகுதான் தெரியும். இங்கே ஒரு குழப்பம் வரும். குழாயைச் சுற்றிச் சதை வளர்வது மிகச் சாதாரணம். அது ஈரமாக, இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, தொட்டால் லேசாக ரத்தம் கசிகிற மிருதுவான சதை. குழாய் அசைந்து உரசுவதால் வருவது. ஸ்டீராய்டு களிம்பு, சில்வர் நைட்ரேட் போன்றவற்றால் சில வாரங்களில் அடங்கும். புற்று அப்படி அடங்காது. கையுறை போட்ட விரலால் ஓரத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், தோலுக்கு அடியிலும் கட்டிபோல் தட்டுப்படும், வாரத்துக்கு வாரம் பெரிதாகும், வலிக்கும், சில சமயம் நாற்றமடிக்கும். மருந்து போட்டும் குறையாத சதை, கெட்டியான சதை, ரத்தக் கசிவு நிற்காத சதை எதுவாக இருந்தாலும் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். "குழாய் இருந்தால் இப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானத்தோடு மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. இது தெரியவரும்போது நோய் வேறு இடங்களிலும் பரவியிருப்பது வழக்கம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மட்டும் இருந்தால் வெட்டி எடுப்பது, கதிர்வீச்சு கொடுப்பது போன்ற வழிகள் உண்டு.

இனி மற்ற ஆபத்துகள். குழாய் வைத்த முதல் 72 மணி நேரத்தை நான் தனியாகப் பிரித்துச் சொல்வேன். இங்கிலாந்தின் நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2010இல் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உணவு கொடுக்கும்போது வலி, குறையாத அல்லது கடுமையான வலி, புதிதாக ரத்தம் வருவது, குழாயைச் சுற்றி இரைப்பை நீர் கசிவது ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் உணவையும் மருந்தையும் குழாயில் கொடுப்பதை உடனே நிறுத்திவிட்டு மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது அதன் சாரம். காரணம், இரைப்பை வயிற்றுச் சுவரோடு இன்னும் ஒட்டியிருக்காது. குழாய் சற்று உள்வாங்கினாலோ இரைப்பை விலகினாலோ, கொடுக்கிற உணவு இரைப்பைக்கு வெளியே, குடல்கள் கிடக்கும் வயிற்றறைக்குள் நேராகக் கொட்டும். ஒரு கோப்பைக் கஞ்சி உள்ளே சிந்தினாலே வயிற்றறை முழுக்கத் தொற்று பரவி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலி என்று அப்பா சொல்லும்போது "புதுக் குழாய், அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த வேளை உணவை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். ஒரு வேளை உணவு தாமதமாவதால் எதுவும் கெட்டுவிடாது.

இதே நாட்களில் ஸ்கேன் எடுத்தால் வயிற்றறையில் காற்று இருக்கிறது என்று அறிக்கை வரலாம். அதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். எண்டோஸ்கோப்பியில் ஊதிய காற்று துளை வழியே கொஞ்சம் கசிவது சகஜம், சில நாட்களில் தானாகவே மறையும். காய்ச்சல் இல்லை, வயிறு கல்லாக இறுகவில்லை, அவர் தெளிவாக இருக்கிறார் என்றால் காற்றை மட்டும் வைத்து யாரும் அறுவை சிகிச்சைக்குப் போக மாட்டார்கள்.

பெருங்குடலில் குத்திவிடுவது இன்னொன்று. இரைப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே சிலருக்குப் பெருங்குடலின் ஒரு மடிப்பு வந்து கிடக்கும். முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர்களுக்கு உள்ளே ஒட்டல்கள் இருப்பதால் இது கூடுதல். இதைத் தவிர்க்கத்தான் மருத்துவர் அறை விளக்கைக் குறைத்து, எண்டோஸ்கோப்பின் வெளிச்சம் வயிற்றின் தோல் வழியே சிவந்து தெரிகிறதா என்று பார்ப்பார். அந்த இடத்தை ஒரு விரலால் குத்தினாற்போல் அழுத்தி, உள்ளே இரைப்பைச் சுவர் கூர்மையாகக் குழிவது திரையில் தெரிகிறதா என்றும் பார்ப்பார். அதற்குப் பிறகும் சந்தேகமிருந்தால், சிரிஞ்சில் கொஞ்சம் திரவம் எடுத்துக்கொண்டு, பின்னிழுத்தபடி ஊசியை உள்ளே செலுத்துவார்கள். ஊசிமுனை இரைப்பைக்குள் கண்ணில் படும் முன்பே சிரிஞ்சில் காற்றுக் குமிழி வந்தால் நடுவில் குடல் இருக்கிறது என்று பொருள். இடத்தை மாற்றுவார்கள். இத்தனையும் செய்து எங்குமே பாதுகாப்பான இடம் கிடைக்கவில்லை என்று அன்றைக்குக் குழாய் வைக்காமல் திருப்பி அனுப்பினால் அந்த மருத்துவர்மேல் வருத்தப்படாதீர்கள். அது நல்ல முடிவு.

இந்தச் சிக்கல் மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருக்கும் என்பதுதான் கவலை. குழாய் குடலைக் குறுக்காகக் கடந்து இரைப்பைக்குள் சரியாகத்தான் இருக்கும், உணவும் சரியாகவே இறங்கும். பல மாதம் கழித்துப் பழைய குழாயை எடுத்துப் புதுக் குழாய் போடும்போது, அதன் முனை இரைப்பை வரை போகாமல் பெருங்குடலிலேயே நின்றுவிடும். அன்றிலிருந்து உணவு கொடுத்த சிறிது நேரத்திலேயே, கொடுத்த உணவே அப்படியே மலமாகப் போகும். குழாயைச் சுற்றி மல நாற்றமோ, குழாய்க்குள் மலம் போன்ற திரவமோ வரலாம். குழாய் மாற்றிய பிறகு திடீரென்று இப்படி வயிற்றுப்போக்கு வந்தால் சத்துமாவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குழாயில் செலுத்திப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கல்லீரலில் குத்துவது, இரைப்பைக்குப் போகும் ரத்தக்குழாயில் பட்டு ரத்தப்போக்கு ஏற்படுவது ஆகியவையும் உண்டு, மிகவும் அபூர்வம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தாமல் போகவும் வேண்டாம்.

வீட்டில் கவனித்தால் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுக்கக்கூடிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துபோவதுதான் அது. குழாய் நகராமல் தோலுக்கு வெளியே பிடித்து நிற்கும் வெளித்தட்டை மிக இறுக்கமாக வைத்தால், உள்தட்டும் வெளித்தட்டும் நடுவிலிருக்கும் சதையை நாள் முழுக்க நசுக்கும். நசுங்கிய இடம் புண்ணாகி, உள்தட்டு மெல்ல மெல்லச் சுவருக்குள் இறங்கி, அதன்மேல் இரைப்பையின் உள்படலமும் மூடிவிடும். பெக் வைத்தவர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது வருகிறது. குழாயை உள்ளே தள்ள முடியாது, சுழற்ற முடியாது, உணவு இறங்கச் சிரமப்படும், பக்கவாட்டில் கசியும், வலிக்கும். புற்றுநோயாளிகளுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. குழாய் வைக்கும்போது மெலிந்திருந்தவர் நன்றாக உணவு போனதும் எடை கூடுவார், வயிற்றுச் சுவரும் தடிக்கும். அன்றைக்குச் சரியாக இருந்த வெளித்தட்டு இரண்டு மாதம் கழித்து இறுக்கமாகிவிடும். யாரும் எதையும் தொடாமலே இது நடந்துவிடும்.

அதனால் வாரம் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். கையைச் சோப்பால் கழுவுங்கள். குழாயில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் கோடுகளில் எது தோல்மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெளித்தட்டைத் தளர்த்திக் குழாயின் வழியே மேலே நகர்த்தி, தோலையும் தட்டின் அடிப்பக்கத்தையும் துடைத்து உலர்த்துங்கள். குழாயை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, விரல்களுக்கு நடுவே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு, மெதுவாகத் தடை தெரியும்வரை வெளியே இழுங்கள். பிறகு வெளித்தட்டைத் தோலிலிருந்து அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். குழாய் வைத்து ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகு, மருத்துவமனையில் சொன்ன நாளிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். தையல் போட்டு வைத்த குழாய் என்றால் தையல் எடுக்கும்வரை கேட்காமல் செய்யாதீர்கள். இரைப்பை வழியாகச் சிறுகுடல் வரை நீளும் குழாய் என்றால் சுழற்றவே கூடாது, உள்ளே முறுக்கிக்கொள்ளும். ஏற்கெனவே இறுகிவிட்ட குழாயைப் பலம் கொடுத்துத் தள்ளவும் வேண்டாம், அதன் வழியே உணவு கொடுக்கவும் வேண்டாம்.

பலூன் குழாய்க்கு வேறு ஒரு தொல்லை. வெளித்தட்டு தளர்ந்திருந்தால் இரைப்பையின் அசைவே பலூனை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசலில் போய் அது அடைத்துக்கொண்டால், குடிப்பது கொடுப்பது எல்லாம் வாந்தியாக வரும். இன்னும் உள்ளே போய்க் கணையநீர் வரும் வாயை அடைத்துக் கணைய அழற்சியை உண்டாக்கியதும் உண்டு. வெளியே தெரியும் குழாயின் நீளம் குறைந்திருப்பதுதான் இதற்கு முதல் துப்பு. தோல்மட்டத்தில் இருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள் என்று சொல்வது அதற்காகத்தான். குழாய் கழன்றபோது அவசரத்துக்குச் சிறுநீர்க் குழாய் போட்டு அனுப்பியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அதில் வெளித்தட்டே கிடையாது, சுலபமாக உள்ளே போய்விடும். சீக்கிரம் முறையான குழாயாக மாற்றிக்கொள்ளுங்கள்.

குழாய் முழுவதுமாகக் கழன்று வந்துவிட்டால் என்ன செய்வது? குழாய் வைத்து எத்தனை நாள் ஆனது என்பதுதான் முதல் கேள்வி. துளையின் பாதை உறுதியாகச் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சத்துக்குறைவு இருப்பவர்களுக்கும், ஸ்டீராய்டோ கீமோவோ எடுத்துக்கொள்பவர்களுக்கும், வயிற்றில் நீர் கோத்திருப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். அந்தக் காலத்துக்குள் கழன்றால் வீட்டில் எதையும் திரும்பச் செருகாதீர்கள். செருகினால் அது இரைப்பைக்குள் போகாமல் வயிற்றறைக்குள் போகலாம். சுத்தமான துணியால் மூடி, வாயிலும் எதுவும் கொடுக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். பல மாதம் ஆன துளை என்றால் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் சில மணி நேரத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மறுபடி முதலிலிருந்து துளை போட வேண்டி வரலாம். எங்கே மாற்றினாலும், குழாய் இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே முதல் உணவைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தொற்று பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துளையைச் சுற்றி லேசான சிவப்பும் கொஞ்சம் சீழும் சாதாரணம். குழாய் வைக்கும் முன் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் போடுவதே அதைக் குறைக்கத்தான். அபூர்வமாக, தோலுக்கு அடியிலுள்ள திசுக்களை அரித்துக்கொண்டு தொற்று மணிக்கணக்கில் பரவும். சர்க்கரை நோய், மிகுந்த சத்துக்குறைவு, எதிர்ப்புச் சக்திக் குறைவு, இறுக்கமான தட்டு ஆகியவை இதற்கு வழிவிடுகின்றன. பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருப்பதுதான் இதன் அடையாளம். பிறகு சிவப்பு வேகமாக விரியும், தோல் ஊதா அல்லது கறுப்பாக மாறும், அழுத்தினால் நறநறவென்று காற்று ஓடுவதுபோல் இருக்கும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். கோட்டைத் தாண்டி அது பரவுகிறது என்றால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். அறுவை சிகிச்சை செய்து அழுகிய திசுவை அகற்றுவதுதான் ஒரே வழி. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும்.

கீமோ எடுப்பவர்களிடம் இந்த அறிகுறிகள் மங்கலாகத் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் சீழே வராது. ஸ்டீராய்டு எடுத்தால் காய்ச்சலும் வயிற்று இறுக்கமும் அடங்கிக் கிடக்கும். வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் கீமோ கொடுத்த ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள்தான் அடிமட்டத்துக்குப் போகின்றன. அந்த நாட்களில் குழாய் வைப்பதைத் தவிர்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே வைக்கலாம் என்கிறார்கள் அல்லவா, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெவாசிஸுமாப் போல, கட்டிக்குப் புது ரத்தநாளம் வளராமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் அந்த மருந்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி விடச் சொல்கிறார்கள். குழாய் வைப்பது அவ்வளவு பெரிய அறுவை இல்லைதான். ஆனாலும் இந்த மருந்து போகிறது என்பதைக் குழாய் வைப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கீமோ மருத்துவரும் குழாய் வைப்பவரும் வேறு வேறு ஆட்கள், ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படும் என்று நம்பி இருக்க முடியாது. கீமோ காலத்தில் உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழாய் சரியாக இருந்தும் வரும் ஆபத்து ஒன்று உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. பல நாள் பட்டினியாக இருந்த உடம்புக்கு முதல் நாளே முழு அளவு உணவு கொடுத்தால், ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் திடுமென்று செல்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் அவற்றின் அளவு விழும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசைகள் தளரும், குழப்பமும் வலிப்பும் வரலாம். உயிரே போகலாம். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவர், சில மாதங்களில் உடல் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர் ஆகியோர் இதில் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். இவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குப் பத்து கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, நாலைந்து நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கூட்டுவார்கள். உணவுக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, தினமும் ரத்தம் பார்ப்பார்கள். பசியோடு இருந்தவரைப் பார்த்ததும் நிறையக் கொடுக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். முதல் வாரம் மட்டும் ஊட்டச்சத்து நிபுணர் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள்.

வயிற்றில் துளையே வேண்டாம், மூக்குக் குழாய் போதும் என்று சிலர் நினைப்பார்கள். சில வாரங்களுக்கு மட்டும் என்றால் அது நல்ல வழிதான், ஆனால் அதிலும் அபூர்வமான ஆபத்துகள் உண்டு. குழாய் தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். இருமல் அனிச்சை மந்தமாக இருப்பவர் இருமக்கூட மாட்டார். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய சோதனையை நம்பவே கூடாது. நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். குழாயில் உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே. இன்னொன்று, மூக்குக் குழாய் நாள்பட உரசி, குரல்வளையின் பின்பக்கம் புண்ணாகி, இரண்டு குரல்நாண்களும் அசையாமல் நின்றுவிடும் நிலை. தொண்டைவலியோடு, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் இது நினைவுக்கு வர வேண்டும். தொண்டைப் புற்று இருப்பவரிடம் அந்தச் சத்தத்தைக் கட்டியால் வருகிறது என்று நினைத்துவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

வயிற்றில் குழாய் வைத்துவிட்டால் புரையேறாது என்ற நம்பிக்கையும் தவறு. வாயில் ஊறும் எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலே எதுக்களிக்கும் உணவும் இன்னமும் நுரையீரலுக்குள் போகலாம். உணவு கொடுக்கும்போதும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள்.

உணவுக்குழாய் அல்லது இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுகுடலில் நேரடியாகக் குழாய் வைத்திருந்தால் கவனிக்க வேண்டியது வேறு. தைத்த இடத்தைச் சுற்றிக் குடல் முறுக்கிக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் உணவை வேகமாக ஓட்டினால், மிக அபூர்வமாக, குடலுக்கு ரத்தம் போதாமல் ஒரு பகுதி அழுகிவிடலாம். வயிறு உப்பிக்கொண்டே போவது, வலி, நாடித் துடிப்பு ஏறுவது மூன்றும் சேர்ந்து வந்தால் உணவை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக, குழாயை எடுக்கும் நாள். சிகிச்சை முடிந்து, வாயால் போதுமான அளவு சாப்பிட்டு, சில வாரங்களாவது எடை நிலையாக நின்ற பிறகுதான் எடுப்பார்கள். பெரும்பாலும் துளை சில நாட்களில் தானாக மூடிவிடும். பல மாதம் குழாய் இருந்தவர்களில் சிலருக்கு மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். கிளிப் போட்டோ சிறு அறுவை சிகிச்சையிலோ அடைத்துவிடலாம். வெளிப்பக்கம் குழாயை வெட்டிவிட்டு உள்தட்டு மலத்தோடு போய்விடும் என்று விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தத் தட்டு குடலில் சிக்கி அடைத்த நோயாளிகள் இருக்கிறார்கள். முன்பு வயிற்றில் அறுவை நடந்தவர் என்றால், தட்டை எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிடும்படி கேளுங்கள். அந்த நாள் சீக்கிரம் வர, குழாய் இருக்கும்போதே அப்பா விழுங்குவதை விட்டுவிடக் கூடாது. விழுங்கும் பயிற்சி தரும் நிபுணர் பாதுகாப்பானது என்று சொன்ன அளவுக்கு, தினமும் சில மடக்குத் தண்ணீராவது அவர் வாயால் குடிக்கட்டும். வேலை கொடுக்காத தொண்டைத் தசைகள் கதிர்வீச்சுக்குப் பிறகு விறைத்துப்போகும், பிறகு மீட்பது கடினம்.